சுவிட்சை அணைத்தீர்களா?

2023-ஆம் ஆண்டு கர்நாடக மாநிலத்தில் நடந்த சம்பவம் இது.

ஒரு வீட்டில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். பிறகு போனை எடுத்துக்கொண்டார்கள். சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார்கள். சார்ஜரின் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுக் கைக்குழந்தை வயரின் நுனியை வாயில் வைத்தது. மின்சாரம் தாக்கியது. குழந்தை இறந்துவிட்டது.

பெற்றவர்களுக்குப் பாசம் இல்லையா? இருந்தது. ஒரு சிறு மறதிதான் காரணம். அதே மறதி நம் வீட்டிலும் தினமும் நடக்கிறது.

உங்கள் வீட்டுச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள். செல்போன் சார்ஜர் ஒன்று. டார்ச் லைட் ஒன்று. கொசு பேட் ஒன்று. கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் போடுகிற பாட்டரி கட்டைகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி ஒன்று.

இவற்றை எந்நேரமும் சொருகியே வைத்திருக்கலாமா?

கூடாது என்பதே நம் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பணம் எவ்வளவு போகும்?

“கரண்ட் பில் ஏறிவிடும்” என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் அவ்வளவாகத் தேவை இல்லை.

ஐரோப்பிய நாடுகளில் 2009-ஆம் ஆண்டு ஒரு விதி போட்டார்கள். சும்மா சொருகியிருக்கும் சிறு சார்ஜர், 2011-ஆம் ஆண்டு முதல் 0.3 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கக்கூடாது என்பது அந்த விதி. 2020-ஆம் ஆண்டு முதல் அதையும் 0.1 வாட் ஆகக் குறைத்துவிட்டார்கள்.

கணக்குப் போடுங்கள். 0.1 வாட் இழுக்கும் சார்ஜர், ஓர் ஆண்டு முழுவதும் சொருகியே இருந்தாலும் ஒரு யூனிட் கூட ஆகாது.

பழைய காலத்துக் கனமான சார்ஜர் என்றால் வேறு கதை. அது 2 வாட் இழுத்தால் ஆண்டுக்குச் சுமார் 17 யூனிட் வீணாகும். எதுவும் மாட்டாமல் இருக்கும்போதே தொட்டால் சுடுகிறதா? அது மின்சாரத்தைச் சும்மா தின்கிறது என்று அர்த்தம்.

ஆக, பணத்தைவிட முக்கியமான காரணங்கள் வேறு இருக்கின்றன.

பாட்டரி கெடும்

பாட்டரியும் வயிறு போன்றதுதான். நிறைந்த பிறகும் ஊட்டினால் கெட்டுப்போகும்.

மலிவான சார்ஜர் பெட்டிகள் பலவற்றில், கட்டை நிறைந்ததும் தானாக நிற்கும் வசதி கிடையாது. மெதுவாக ஏற்றும் பெட்டி என்றால், காலியான கட்டை நிறைய 14 முதல் 16 மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு போகிற மின்சாரம் எல்லாம் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டில் கட்டையின் ஆயுள் குறைகிறது.

டார்ச் லைட், கொசு பேட் ஆகியவற்றிலும் இதே கதைதான். நாள் கணக்கில் சொருகி வைத்தால் உள்ளே இருக்கும் பாட்டரி காய்ந்துவிடும், அல்லது வீங்கிவிடும். “வாங்கி ஆறு மாதம் கூட ஆகவில்லை, அதற்குள் எரியவில்லையே” என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறோம். குற்றம் சில வேளை நம்முடையது!

செல்போன் அப்படி அல்ல. நிறைந்ததும் சார்ஜ் ஏறுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் தலையணைக்கு அடியிலும் மெத்தை மீதும் வைத்துச் சார்ஜ் ஏற்றக்கூடாது. சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் ஆபத்து.

உயிருக்கு ஆபத்து

சுவரில் வருவது 230 வோல்ட். சாதாரண செல்போன் வயரில் வருவது 5 வோல்ட். ஐந்து வோல்ட் ஆளைக் கொல்லாது. பிறகு எப்படி ஆபத்து வருகிறது?

நல்ல சார்ஜருக்குள் இந்த இரண்டு மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் தடுப்பு உண்டு. மட்டமான சார்ஜரில் அந்தத் தடுப்பு சரியாக இருக்காது. அது பழுதானால் 230 வோல்ட் நேராக வயருக்கே வந்துவிடும். நுனி குழந்தையின் ஈர வாயில் இருந்தால் என்ன ஆகும்?

கொசு பேட்டில் இன்னும் கவனம் வேண்டும். மலிவான பேட்கள் பலவற்றில் இந்தத் தடுப்பே கிடையாது. சார்ஜ் ஏறும்போது அதைக் கையில் எடுத்துக் கொசு அடிக்கவே கூடாது.

என்ன செய்யலாம்?

சார்ஜர் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். 2012-ஆம் ஆண்டு மத்திய அரசு போட்ட உத்தரவின்படி வந்த பதிவு அது. இருபது ரூபாய் மிச்சம் என்று முத்திரை இல்லாததை வாங்காதீர்கள்.

சார்ஜ் ஏறியதும் முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு பிளக்கைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கம்பி அறுந்துவிடும். ஈரக் கையால் தொடாதீர்கள். வயர் கிழிந்துவிட்டால் டேப் சுற்றி ஓட்டாமல் தூக்கி எறியுங்கள்.

இடி, மின்னல் வரும்போல் இருந்தால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. முன்கூட்டியே பிளக்கையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

தவழும் குழந்தை உள்ள வீடா? வயரைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இரவு படுக்கும் முன்பு அடுப்பை அணைத்தோமா, கதவைத் தாழிட்டோமா என்று பார்க்கிறோம். யாரும் சொல்லித் தராமலே பார்க்கிறோம். அது பழக்கம் ஆகிவிட்டது.

சார்ஜர் நம் வீட்டுக்குப் புதிதாக வந்த பொருள். அதனால் அதற்கு உரிய பழக்கம் இன்னும் வரவில்லை. இன்று இரவே தொடங்குங்கள். அடுப்பு, கதவு, அதோடு சார்ஜர் சுவிட்சு.

ஒரு நொடி வேலைதான். ஒரு குழந்தையின் உயிர் அதில் இருக்கிறது.