எண்ணப்பட்டோரும் எழுதப்பட்டோரும்: வீரசோழன் வட்டாரத்தில் முன்னோரைத் தேடுதல்

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என விரியும் மானாவாரி நிலப்பகுதியில் ஒரு குடும்பம் தன் நான்காம் தலைமுறை முன்னோரைத் தேடத் தொடங்கினால், பெயருக்கு முன்பே ஊரைத் தேட வேண்டியிருக்கிறது. இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வீரசோழன், 1985க்கு முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டமோ 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைப் பிரித்து அமைக்கப்பட்டது. எனவே 1881இல் வாழ்ந்தவரின் தடத்தை மதுரை மாவட்ட ஆவணங்களிலும் 1921இல் வாழ்ந்தவரின் தடத்தை இராமநாதபுர மாவட்ட ஆவணங்களிலும் தேட வேண்டும். இவ்வளவையும் அறிந்து எழும்பூர் ஆவணக்காப்பகத்தின் படியேறுபவருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தருவது எண்களை மட்டுமே. பெயர் ஒன்றும் கிடைப்பதில்லை.

பழைய கணக்கெடுப்புப் பதிவுகளில் முன்னோரைக் கண்டறியலாம் என்னும் நம்பிக்கை அயல்நாட்டு வழக்கத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் நூறாண்டு கடந்த கணக்கெடுப்புப் படிவங்கள் பொதுப்பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 சனவரியில் வெளியாயின. அமெரிக்காவில் எழுபத்திரண்டு ஆண்டுகள் கடந்தால் போதும். இந்தியாவில் நிலை வேறு. 1871இல் கார்னிஷ் மேற்பார்வையில் சென்னை மாகாணக் கணக்கெடுப்பும், 1881இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பும் வீடுதோறும் பெயர்களைக் கேட்டே நடத்தப்பட்டன. 1901இல் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு என்னும் முறையும் வந்தது. ஆயினும் தொகுப்புப் பணி முடிந்ததும் படிவங்களும் சீட்டுகளும் வேண்டாதவையாகக் கழிக்கப்பட்டன. எஞ்சியவை வட்டவாரியான, சாதிவாரியான, தொழில்வாரியான அட்டவணைகள். விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனியாள் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாதவாறு மூடியது. எத்தனை ஆண்டுகளுக்குப் பின் அவை திறக்கப்படும் என்ற வரம்பு அச்சட்டத்தில் இல்லை.

படிவங்கள் எஞ்சியிருந்தால் எல்லாம் தெளிவாகியிருக்கும் என்பதும் மிகையே. தொடக்கக்காலக் கணக்கெடுப்பு அறிவுரைகளில், பெண்ணின் பெயரைச் சொல்ல வீட்டார் மறுத்தால் ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள்ள இடமளிக்கப்பட்டிருந்தது. கணவன் பெயரை மனைவி சொல்லாத சமூகத்தில் அவ்விடம் எத்தனை முறை பயன்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அகவையும் அப்படியே. ‘தாது வருடப் பஞ்சத்தில் பிறந்தவர்’ என்ற விடையைக் கணக்கெடுப்பாளர் முப்பது என்றோ முப்பத்தைந்து என்றோ எழுதிக்கொண்டார். ஐந்திலும் பத்திலும் முடியும் அகவைகள் குவிந்து கிடப்பதை அறிக்கைகளே குறை சொல்லியிருக்கின்றன. அறுபது ஆண்டுச் சுழற்சியால் இன்னொரு குழப்பமும் உண்டு. தாது 1876இல் வந்தது, 1936இலும் வந்தது. குடும்ப நினைவில் தாத்தாவின் தாதுவும் பேரனின் தாதுவும் ஒன்றாகிவிடுவதைக் களஆய்வில் ஈடுபட்டோர் அறிவர்.

தமிழ்ப் பெயரிடு முறை இக்குழப்பத்தை மேலும் வளர்க்கிறது. குடும்பப்பெயர் இல்லை, தந்தை பெயரின் முன்னெழுத்து மட்டுமே உண்டு. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர் வைப்பது பெருவழக்கு. ‘பேரன்’ என்னும் உறவுச்சொல்லே ‘பெயரன்’ என்பதன் மரூஉ. முத்தையாவின் மகன் கருப்பையா, அவர் மகன் முத்தையா, அவர் மகன் மீண்டும் கருப்பையா. ஒரு நூற்றாண்டு முழுவதும் இரண்டே பெயர்களும் இரண்டே முன்னெழுத்துகளும் மாறி மாறி வரும். பத்திரத்தில் காணும் ‘மு. கருப்பையா’ பாட்டனா, பேரனா என்பதை அப்பெயரைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. அதே ஊரில் அதே காவல்தெய்வத்தின் பெயரைத் தாங்கிய வேறு ஐந்தாறு கருப்பையாக்களும் இருந்திருப்பர். வாழ்ந்த காலத்தில் அவர்களைப் பிரித்துக் காட்டியவை பட்டப்பெயரும் வீட்டு அடையாளமும். அரசு ஆவணம் அவ்விரண்டையும் பெரும்பாலும் எழுதவில்லை.

அரசு ஆவணங்களின் வறுமைக்கு நில வரலாறும் ஒரு காரணம். இரயத்துவாரிப் பகுதிகளில் பட்டாதாரர் பெயர்கள் அரசுப் பதிவேடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏறின. 1803இல் நிலையான தீர்வையின் கீழ் வந்த இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களுக்கு உட்பட்ட ஊர்களில் அரசுக்கும் உழவனுக்கும் இடையே ஜமீன் நின்றது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைத் தொடர்ந்த அளவைக்கும் தீர்வைக்கும் பிறகே இவ்வூர்களின் புன்செய் உழவர்கள் அரசின் நிலப்பதிவேட்டில் பெயர் பெற்றனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இவ்விடைவெளியைக் கணக்கில் கொள்ளாமல், தஞ்சை வட்டாரத்தில் பயன்படும் தேடல் முறையை இங்கே பொருத்துவது பயன் தராது.

அரசு இவ்வட்டாரத்து எளியவர்களின் பெயரை அக்கறையோடு எழுதிய இடங்கள் இரண்டு. இரண்டும் மகிழ்ச்சி தரும் இடங்கள் அல்ல. ஒன்று, 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழான காவல்துறைப் பதிவேடு. கைரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்படும்வரை, அதன் கீழ் அறிவிக்கப்பட்ட சமூகத்தாரின் பெயரும் விரல்ரேகையும் ஏட்டில் ஏறின. மற்றொன்று புலம்பெயர்வு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பட்டியலில் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை உள்ளன. ஊரைவிட்டுக் கூலியாகப் போனவரின் தந்தை பெயர் டர்பனில் கிடைக்கிறது; ஊரிலேயே இருந்து உழுத உடன்பிறந்தவரின் பெயர் எங்கும் கிடைப்பதில்லை. இராமநாதபுரச் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்து மிகுதியானோர் சென்றதோ கங்காணி முறையில் இலங்கைக்கும் மலேயாவுக்கும். அம்முறையில் கங்காணியின் கடன் கணக்கே பெரிது. தொழிலாளிக்குக் கிடைத்தவை துண்டும், பின்னாளில் எண் பொறித்த தகரச் சீட்டும்.

இந்த ஆவணமின்மை வெறும் ஆய்வுச் சிக்கலன்று. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்பதற்குச் சான்று கேட்டது. தோட்டத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் அது இல்லை. நாடற்றவராயினர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனப் பங்கிட்டது. தமிழகத்திலும் பழங்குடிச் சாதிச்சான்றிதழ் கோரும் காட்டுநாயக்கர் முதலியோரிடம் முன்னோரின் ஆவணம் கேட்கப்படுகிறது; எழுதும் வழக்கமே வாய்க்காத குடியிடம் எழுத்துச் சான்று கேட்பதன் முரண் இன்றும் தீரவில்லை. முன்னோர் தேடலை ஓய்வு நேரப் பொழுதுபோக்காகக் கருதும் போக்கை இவ்வட்டாரத்தின் வரலாறு மறுக்கிறது.

திருமணப் பதிவுகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முன் அரசு அலுவலகத்தில் திருமணப் பதிவு தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவர். ஆனால், திருமணங்கள் எழுதப்படவில்லை என்பது இதன் பொருளன்று. அவை வேறிடங்களில் எழுதப்பட்டன.

வீரசோழனைப் போல முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் ஜமாஅத் பேணும் நிக்காஹ் தப்தர் இவ்வகையில் முதன்மையானது. மணமக்கள் பெயர், இருவரின் தந்தையர் பெயர், வகீல், சாட்சிகள், மஹர் தொகை ஆகியவை அதில் ஏறுகின்றன. மணமகளின் பெயர் அவளுக்குரியதாகவே எழுதப்படுவதும், அவளுக்குரிய மஹர் தொகையாகக் குறிக்கப்படுவதும் கவனிக்கத்தக்கவை. ‘பெண்’ என்று மட்டும் எழுதிவிட இடம் தந்த கணக்கெடுப்புப் படிவத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கத்தோலிக்கப் பங்குகளில் ஞானமுழுக்கு ஏடும் திருமண ஏடும் உள்ளன. மூன்று ஞாயிறு ஓலை வாசித்துத் தடை கேட்பது வழக்கம். அத்தை மகளையோ மாமன் மகளையோ மணப்பதற்குத் திருச்சபைச் சட்டப்படி விதிவிலக்கு வேண்டும் என்பதால், எந்த முறையில் எத்தனையாம் படி உறவு என்பதும் எழுதப்பட்டது. தமிழ்க் குடும்பத்துக்கு மிக இயல்பான முறைமணம், சபைக்கு விதிவிலக்காகத் தோன்றிய காரணத்தால்தான் ஏட்டில் ஏறியது. இப்பதிவுகளை உறவுமுறைச் சொல்லாய்வுக்குப் பயன்படுத்தத் தமிழ்த்துறைகள் இன்னும் போதிய அளவு முனையவில்லை. அண்டையில் செட்டிநாட்டு நகரத்தாரிடம் இசைகுடிமானம் எழுதும் வழக்கும், மணமான இணையைக் கோயிற்புள்ளியாகக் கணக்கில் சேர்க்கும் முறையும் உள்ளன. வணிகக் குடிக்கு எழுத்து எளிதில் வாய்த்தது.

உழுகுடிகளுக்கு வாய்த்தது மொய் நோட்டு. இக்கட்டுரை அழுத்தமாக முன்வைக்க விரும்புவது இதனையே. திருமணம், காதணி விழா, பூப்பு நீராட்டு எனச் சடங்குதோறும் பந்தலின் ஓரத்தில் தாம்பாளத்தோடு அமர்ந்தவர் எழுதிய அந்நோட்டில் ஊர், பெயர், தொகை என வரி வரியாகப் பதிவு உண்டு. தாய்மாமன் செய்முறை முதலில் நிற்கும். ஒரே பெயருடையோரைப் பிரிக்கப் பட்டப்பெயரும் தொழிலும் கூடவே எழுதப்படும். அரசு ஆவணம் விட்டுவிட்டதை இங்கே எழுதியாக வேண்டும். ஏனெனில், மொய் திருப்பிச் செய்யப்பட வேண்டிய கடன். ஆள் மாறினால் கணக்குத் தவறும். அன்பளிப்பைக் கடனாகப் பார்க்கும் இவ்வழக்கத்தைப் பலர் பழிப்பதுண்டு. அப்பழிப்பு எப்படியாயினும், கடன் என்பதால்தான் நோட்டு பரணில் பாதுகாக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் மூன்று நோட்டுகளை வரிசையாக வைத்தால் எந்தெந்த ஊர்களோடு கொண்டு கொடுத்தனர், எந்த ஊர் உறவு எப்போது அற்றது, கொழும்புக்குப் போனவர் எந்த ஆண்டுவரை மொய் அனுப்பினார் என்பவற்றை உய்த்துணர வழியுண்டு. கணக்கெடுப்பு அட்டவணையால் காட்ட முடியாத மணவட்டம் இது.

இதற்கும் குறை உண்டு. மொய் பெரும்பாலும் ஆணின் பெயரில் வருகிறது. பெண் அவ்வரியின் பின்னால் நிற்கிறாள். இங்கேதான் வாய்மொழியின் துணை தேவைப்படுகிறது. கொண்டையங்கோட்டை மறவரிடையே கிளை தாய்வழியாக இறங்குகிறது. ஒரே கிளையாருக்குள் மணவுறவு இல்லை. முன்னெழுத்து தந்தையைச் சொல்ல, கிளை தாயைச் சொல்கிறது. முன்னெழுத்தை மட்டுமே பின்தொடரும் தேடல், அச்சமூகம் தானே முதன்மையாகக் கருதிய வழியைத் தவறவிடுகிறது. குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும் மாசிக் களரியில் தந்தைவழியும், பெண் பார்க்கும் பேச்சில் கிளைவழியும் ஒருசேர நினைவுகூரப்படுகின்றன. இரண்டையும் கேட்டெழுதாமல் வரையும் கொடிவழி அரைக்கொடிவழியே.

ஐயங்களும் எழக்கூடும். வம்சாவளி எழுதுதல் தமிழகத்தில் பெருமை நிறுவும் தொழிலாகவே நெடுங்காலம் இருந்துள்ளது. காலின் மெக்கன்சி தொகுப்பிலுள்ள பாளையக்காரர் வம்சாவளிகள் பலவும் அத்தன்மையன. இன்று சாதிச் சங்க மலர்கள் அதைத் தொடர்கின்றன. முன்னோர் தேடல் அரசமரபுக் கனவாக மாறிவிடும் இடர் உண்மையானது. ஆனால், மொய் நோட்டு அக்கனவுக்கு இடம் தருவதில்லை. அதில் இருப்பவர் ஐந்து ரூபாய் மொய் செய்த பூட்டன், அரசர் அல்லர். காவல்துறைக் கைரேகை ஏடுகளைப் பொறுத்தவரை நிலை வேறு. அவற்றிலுள்ள பெயர்களை அந்தந்தக் குடும்பத்தாரின் இசைவின்றி அச்சிடுவது, ஒருமுறை இழைக்கப்பட்ட இழிவை மறுமுறை இழைப்பதாகும்.

2027 மார்ச் முதல் நாளைக் குறிப்புநாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ளது. மின்னணு முறையில், சாதி விவரத்தோடு நடைபெறவிருப்பது அது. சீட்டுகளைக் கழித்த காலத்தில் இடப்பற்றாக்குறை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருக்கலாம். மின்னணுப் பதிவுக்கு அக்காரணம் பொருந்தாது. வாழ்வோரின் மறைவுரிமையைக் காக்க 15ஆம் பிரிவு வேண்டும். நூறாண்டுக்குப் பின்னும் அது வேண்டுமா என்பதைத் தரவு திரட்டப்படுவதற்கு முன்னரே சட்டத்தில் தீர்க்க வேண்டும். வரலாற்றுத்துறைகள் மட்டும் கேட்டால் போதாது. பெயர்களைத் தம் ஆய்வுப்பொருளாகக் கொண்ட தமிழ்த்துறைகளும் கேட்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது தமிழ்த்துறைகளின் கையிலேயே இருக்கிறது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரு மொய் நோட்டை உரிமையாளர் இசைவோடு ஒளிப்படம் எடுத்து, எழுத்துப்பெயர்த்து, பட்டப்பெயர்களுக்கு விளக்கம் கேட்டெழுதிச் சேர்ப்பதை இடுபணியாக்கலாம். சுவடிப்பதிப்பில் பெற்ற பயிற்சி இதற்குப் போதும், ‘அரு.கோ.’ என்பது அருப்புக்கோட்டையா ஆளின் முன்னெழுத்தா என்று தீர்மானிப்பதும் பாடவேறுபாட்டுச் சிக்கலே. காலம்தான் குறைவு. மண்டபங்களில் மொய் இப்போது கணினியில் ஏறி, அச்சிட்ட சீட்டாகக் கைக்கு வருகிறது. தலைமுறைக் கடன் தீர்ந்த பழைய நோட்டுகள் வீடு இடித்துக் கட்டும்போது பழைய தாள் எடைக்குப் போகின்றன.