பார்ப்பதற்கு ஒன்றுமில்லையா?

வார இறுதி உல்லாசப் பயணம் என்ற புதிய மோகம் எமது மத்தியதர வர்க்கத்தைப் பற்றிக்கொண்டுள்ளது. வெள்ளிக்கிழமை மாலை கொழும்பிலிருந்து புறப்படுவது, வழியில் அழகானதொரு கோப்பிக் கடையில் இளைப்பாறுவது, குளக்கட்டில் நின்று சூரியாஸ்தமனத்தைப் படம்பிடிப்பது, பழைய நகரத்துத் தெருக்களில் கால்போன போக்கில் உலாவுவது, ஞாயிறு இரவு வீடு திரும்புவது என்பதே அதன் நிகழ்ச்சிநிரல். காலிக் கோட்டைக்கும் கண்டிக்கும் வகுக்கப்பட்ட இந்த நிகழ்ச்சிநிரலை இப்பொழுது வன்னி மண்ணிலும் பொருத்திப் பார்க்கிறார்கள்.

சில காலத்துக்கு முன் எமது பாடசாலை வாசலில் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்தவர் எம் மாணவன் ஒருவனை அழைத்து, "தம்பி, இங்க பாக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். அவன் சற்று யோசித்துவிட்டு, "ஒண்டுமில்லை ஐயா, நேர போனா யாழ்ப்பாணம்" என்றான். வான் போய்விட்டது. அந்தப் பதில் மட்டும் எம்மை விட்டுப் போகவில்லை.

அவ்வாறு கேட்டவரிடத்தில் ஒரு குற்றம் உண்டு. அவ்வாறு பதில் சொல்லும்படி அவனை வளர்த்த எம்மிடத்தில் அதைவிடப் பெரிய குற்றம் உண்டு. இரண்டையும் இங்கே விசாரிக்க வேண்டும்.

பழைய நகரம் தேடி வருவோர் முல்லைத்தீவுக்குப் போகட்டும். 1803ஆம் ஆண்டில் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை அங்கேதான் இருந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்ற தளபதி அவனைத் திடீரெனத் தாக்கித் தோற்கடித்தான். அந்த முல்லைத்தீவு நகரத்தை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அள்ளிக்கொண்டு போயிற்று. எஞ்சியதைப் போர் தின்றது. கிளிநொச்சியோ தொண்ணூறுகளிலும், மீண்டும் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் மக்கள் முற்றாக வெளியேறிப் பாழான பட்டினம். ஆதலால் வன்னியில் பழைய தெருக்கள் இல்லை. அவை ஏன் இல்லை என்ற கேள்வியிலிருந்துதான் வன்னியின் வரலாறு தொடங்குகிறது. உலாவ வருபவர் அக்கேள்வியைக் கேட்பாரானால் அவர் எமக்கு விருந்தினர். கேளாமல் போவாரானால், அவர் பார்த்தது புதிய கட்டடங்களின் சுவர்களை மாத்திரமே.

இனி, இயற்கைக் காட்சி என்கிறார்கள். இரணைமடுக் குளத்தின் அழகை யார் மறுப்பார்கள்? ஆனால் அது இயற்கை தந்த கொடையன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூலித் தொழிலாளர்கள் மண் சுமந்து எழுப்பிய அணை. அதன் நீரை நம்பியே 1930களில் யாழ்ப்பாணத்துக் காணியற்ற குடும்பங்கள் காடு வெட்டிக் கிளிநொச்சிக் குடியேற்றத்தை உருவாக்கின. எழுபதுகளில், மலையகத் தோட்டங்களில் பட்டினியாலும் 1977ஆம் ஆண்டின் இன வன்செயலாலும் விரட்டப்பட்ட தொழிலாளர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறினார்கள். தேயிலைக்கு உழைத்த கைகள் இங்கே நெல்லுக்கும் உழுந்துக்கும் உழைத்தன. அவ்வாறு திருத்திய காணிக்கு உறுதி கிடைக்காமல் பல்லாண்டு காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ! அவர்களை ஆதரித்த காந்தியம் இயக்கத்தின் வைத்தியர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். பச்சை வயலைப் படம்பிடிப்பவர் கண்ணுக்கு இவர்களில் ஒருவரும் தென்படுவதில்லை. உழைப்பை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் ரசிக்கும் கண், நிலப்பிரபுவின் கண்ணேயன்றி வேறல்ல.

போர் முடிந்ததும் வன்னியில் முதலில் வளர்க்கப்பட்ட உல்லாசப் பயணம் எத்தகையது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கி காட்சிப்பொருளாயிற்று. பீரங்கிக் குண்டு பிளந்த சீமெந்துப் பாளமும் அதன்மேல் மலர்ந்த தாமரையும் நகர நடுவில் நினைவுச்சின்னமாக எழுந்தன. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் பிரபாகரனின் நிலவறை, 2013 ஒக்டோபரில் தகர்க்கப்படும் வரை, பார்வையாளருக்குத் திறந்து விடப்பட்டிருந்தது. தெற்கிலிருந்து பஸ்களில் வந்து இவற்றைப் பார்த்த ஏழை விவசாயிகளுடன் எமக்குப் பகையில்லை. மாண்ட சிப்பாய்களிற் பெரும்பாலோரும் அந்த ஏழைகளின் பிள்ளைகளே. வென்றவனின் ஆயுதத்தைக் காட்டி, தோற்றவனின் குழியைக் காட்டி, இரண்டுக்கும் நடுவில் மாண்ட குடிமக்களை மட்டும் காட்டாமல் விட்ட அந்த ஏற்பாட்டையே நாம் எதிர்க்கிறோம்.

வெளிநாட்டில் வாழும் எம்மவரில் ஒரு சாராருக்கும் இதே கண்தான் இருக்கிறது. ஒகஸ்ட் விடுமுறையில் வந்து, நந்திக்கடலோரத்தில் வானை நிறுத்தி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு படம் எடுத்து, மாலைக்குள் யாழ்ப்பாணத்து விடுதிக்குத் திரும்புகிறார்கள். வீரத்தைத் தேடும் கண்ணுக்கும் வலைஞனின் கிழிந்த வலை தெரிவதில்லை.

"உல்லாசப் பயணிகள் வந்தால் வருமானம் வருமே" என்று சிலர் வாதிப்பர். வரட்டும், யாருக்கு வருகிறது என்பதே கேள்வி. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எல்லா வாகனங்களும் நிற்கும். சாரதி தேங்காய் உடைப்பார். பயணிகள் சுடச்சுடக் கச்சான் வாங்குவார்கள். அந்தக் கச்சானை வறுத்து விற்கும் பெண்களின் அடுப்புத்தான் வன்னியின் உண்மையான கோப்பிக் கடை. ஆனால் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அதே வீதியோரத்தில் படையினரே சிற்றுண்டிச்சாலைகளை நடத்தினார்கள். வாடகையும் கூலியும் கொடுக்க வேண்டிய ஏழைத் தேநீர்க்கடைக்காரர் அவர்களுடன் எவ்வாறு போட்டியிடுவது?

இன்னொன்றையும் பாருங்கள். மூன்று இலட்சம் வரையான மக்கள் அடைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் தங்கள் கிராமத்துக்குப் போகவில்லை. அங்கே படைமுகாம் இருந்தது. காட்டைத் துப்புரவாக்கிய வேறோரிடத்தில் அவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள். அதே காலப்பகுதியில் நந்திக்கடலோரத்தில் இராணுவத்தின் உல்லாச விடுதியொன்று எழுந்தது. அதே ஏரியின் காற்று ஒருவருக்கு விடுமுறையாயிற்று. இன்னொருவருக்கு வீடு திரும்ப முடியாத துயரமாயிற்று. 2017இல் பிலக்குடியிருப்புப் பெண்கள் பிள்ளைகளுடன் முகாம் வாசலில் ஒரு மாதமளவு இரவும் பகலும் இருந்து போராடியே தங்கள் காணியின் ஒரு பகுதியை மீட்டார்கள்.

"எப்பொழுதும் அழுகைதானா? மனிதருக்கு மகிழ்ச்சி வேண்டாமா?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓய்வு உழைப்பவரின் உரிமை. அதைத் தொழிலாளி வர்க்கம் உலகெங்கும் போராடித்தான் பெற்றது. வன்னியின் விவசாயியும் மீனவரும், முகமாலையில் முழந்தாளிட்டுக் கண்ணிவெடி அகற்றும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்துடன் கடற்கரைக்குப் போகும் நாளையே நாம் வேண்டுகிறோம். ஆனால் வவுனியாவில் அதே கண்டி வீதியோரத்தில், 2017 பெப்ரவரியிலிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் கொட்டகையில் இருக்கிறார்கள். பதில் கிடையாமலே அவர்களிற் பலர் இறந்துபோனார்கள். வான்கள் அக்கொட்டகையைக் கடந்துதான் அழகைத் தேடிப் போகின்றன. அவர்களைக் கடந்து போவதற்குப் பழகிய மகிழ்ச்சியை எப்படி மகிழ்ச்சி என்பது?

எமது கோரிக்கை யாரும் வரவேண்டாம் என்பதன்று. இவ்வீதி 2002இல் திறந்தபோதும், 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோதும் நாமும் மகிழ்ந்தோம். பாதை மூடியிருந்த காலத்தின் கொடுமையை அறிந்தவர்கள் பாதையை வெறுக்கமாட்டார்கள். வாருங்கள். முறிகண்டியில் கச்சான் வாங்குங்கள். குளக்கட்டில் நிற்கும்போது வயலில் நிற்பவருடனும் இரண்டு வார்த்தை பேசுங்கள். தாய்மாரின் கொட்டகையில் ஐந்து நிமிடமாவது இருங்கள்.

ஆனால் முதற் கடமை ஆசிரியர்களாகிய எமக்கே உரியது. நாமும் ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பஸ்களில் ஏற்றிக்கொண்டு கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் சுற்றுலா போகிறோம். தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் 1973இல் எழுதிய 'நிலக்கிளி' என்ற நாவலை எம் வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகள் வாசித்திருக்கிறார்கள்? கற்சிலைமடுக் கல்லையும், வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுதும் திரளும் வற்றாப்பளைக் கண்ணகி கோயிலையும், தம் பாட்டன் வெட்டிய காட்டின் கதையையும் பரீட்சைக்கு வராதவை என்று ஒதுக்கியவர்கள் நாமேயல்லவா? பிள்ளைகள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தம் கிராமத்தின் வரலாற்றை எழுதட்டும். அடுத்த சுற்றுலா பத்து மைல் தூரத்துக் குளத்துக்குச் செல்லட்டும்.

அந்த வான் மீண்டும் வரும். அப்பொழுது எம் மாணவன், "இறங்குங்கோ ஐயா, நிறைய இருக்கு, நான் காட்டுறன்" என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவனிடம் சொற்களும் சங்கதிகளும் இருக்க வேண்டும். அவற்றை அவனுக்குக் கொடுக்காதவரை, கேட்டுவிட்டுப் போனவரைக் குறைசொல்லும் அருகதை எமக்கில்லை.