பெயிண்ட் பளபளக்கிறது, கார் சரியாகிவிட்டதா?

விபத்தில் அடிபட்ட கார், பட்டறையில் இருந்து வீட்டுக்கு வருகிறது. புது பெயிண்ட். புது பம்பர். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். கற்பூரம் காட்டுகிறார்கள். குடும்பத்தோடு ஈச்சனாரி பிள்ளையார் கோவிலுக்குப் புறப்படுகிறார்கள்.

நாலு நாள் கழித்து புதுத் தொல்லை ஆரம்பிக்கிறது.

கார் இடது பக்கமாக இழுக்கிறது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு விளக்கு அணையாமல் எரிகிறது. மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கிறது.

"விபத்துக்கு முன்னால் இதெல்லாம் இல்லையே!" என்று கார்க்காரர் திகைக்கிறார்.

பட்டறையில் கேட்டால், "அது வேறே ரிப்பேருங்க" என்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டால், "கணக்கு முடிந்துவிட்டது" என்கிறார்கள். நடுவில் நிற்பவர் என்ன செய்வார்?

கார் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது பணத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. அந்தக் காரில் உட்காருவது பெண்டு பிள்ளைகள்!

உக்கடத்தின் கதை

கோவை உக்கடத்துக்கு இந்த விஷயம் புதிது அல்ல. உக்கடத்தில் இருந்து ஆத்துப்பாலம் போனால், பாலக்காட்டுக்கு ஒரு சாலை, பொள்ளாச்சிக்கு ஒரு சாலை என்று பிரிகிறது. பஸ், லாரி, கார், ஸ்கூட்டர் எல்லாம் நெருக்கியடிக்கும் இடம் அது. நெரிசலைக் குறைக்கக் கட்டப்பட்ட உக்கடம்-ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி திறக்கப்பட்டது.

வண்டிகள் ஓடும் இடத்தில் வண்டி ரிப்பேரும் இருக்கும். உக்கடம் பக்கம் பழைய வண்டி சாமான் கடைகளும் உண்டு. கதவு வேண்டுமா? கண்ணாடி வேண்டுமா? தேடினால் கிடைக்கும்.

கோவை ஜில்லாவுக்கும் மோட்டார் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. ஜி.டி. நாயுடு 1920-ம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டியவர். அவர் முதலில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடியும் மாட்டித் தொழில் கற்றுக்கொண்டார்.

கழற்றியதைச் சரியாக மாட்ட வேண்டும். ரிப்பேர் தொழிலின் முதல் பாடம் அதுதான். விபத்து ரிப்பேருக்குப் பிறகு வரும் கோளாறுகளில் பல, இந்தப் பாடத்தை மறந்ததால் வருகின்றன.

அவசரக் கையெழுத்து

கார்க்காரர் ஒருவர் வண்டியை எடுக்கப் பட்டறைக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம்.

"வண்டி ரெடிங்ணா. இங்கே ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போலாமுங்க" என்கிறார் பட்டறைத் தம்பி.

"எல்லாம் நல்லாப் பார்த்தாச்சா தம்பி?"

"புது வண்டியாட்ட இருக்குதுங்ணா!"

அவர் கையெழுத்துப் போடுகிறார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? "ரிப்பேர் எனக்குத் திருப்தியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறது! இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும்போது இந்தத் திருப்திக் கடிதத்தைக் கேட்பது வழக்கம்.

ஓட்டிப் பார்க்காமலே திருப்தி எப்படி வரும்? கார்க்காரர் செய்யும் முதல் தவறு இதுதான்.

கையெழுத்துக்கு முன்னால் காரை நல்ல சாலையில் ஓட்டிப் பாருங்கள். பட்டறை ஆளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நேராகப் போகிறதா? பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? மேடு பள்ளத்தில் சத்தம் வருகிறதா? கதவுகள் எல்லாம் ஒரே மாதிரி மூடுகின்றனவா? ஹெட்லைட் நேராக அடிக்கிறதா? பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.

ஏதாவது குறை தெரிந்தால், அதே தாளில் அதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கார் சொல்லும் சேதி

கார் ஒரு பக்கம் இழுத்தால், சக்கரங்கள் நேராக இல்லை என்று சந்தேகிக்கலாம். டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலும் அப்படித்தான். "வீல் அலைன்மென்ட்" பார்க்க வேண்டும். அலைன்மென்ட் மிஷின், அளவுகளைத் தாளில் அச்சடித்துத் தரும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். சக்கரத்தைத் தாங்கும் இரும்பே வளைந்திருந்தால், எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் கோளாறு திரும்பி வரும். வளைந்ததை மாற்றுவதுதான் வழி.

முன்பக்கம் இடிபட்ட காரில் ரேடியேட்டரைக் கவனிக்க வேண்டும். சிறு கசிவு இருக்கலாம். மின்விசிறியின் ஒயரை மாட்டாமல் விட்டிருக்கலாம். வேகமாக ஓடும்போது தெரியாமல் இருக்கலாம். வெயிலில், நெரிசலில் நின்றால் எஞ்சின் கொதிக்கும். சூட்டைக் காட்டும் முள்ளோ விளக்கோ எச்சரித்தால், உடனே ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்!

எல்லாவற்றையும் விட முக்கியம், ஏர்பேக் விளக்கு. ஏர்பேக் என்பது மோதல் நேரத்தில் விரிந்து உயிரைக் காக்கும் காற்றுப்பை. சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால், அடுத்த மோதலில் பை விரியாமல் போகலாம். "விளக்குத்தானே" என்று விடக்கூடாது.

சீட் பெல்ட்டும் அப்படித்தான். பல கார்களில், மோதும்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். அது வெடித்து வேலை செய்திருந்தால், புதிது போட வேண்டும்.

பழைய கதவு வாங்கலாம். பழைய கண்ணாடி வாங்கலாம். ஆனால் ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக், ஸ்டீயரிங் சாமான்களைப் பழையதாக வாங்குவது ஆபத்து. புது சாமானுக்குப் பில் போட்டிருந்தால், புது சாமான்தான் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள்.

யார் பொறுப்பு?

நியாயமாகப் பேச வேண்டும். எல்லாக் கோளாறுக்கும் பட்டறைக்காரர் காரணம் அல்ல. ஐந்து வருஷம் ஓடிய பேட்டரி, ரிப்பேர் முடிந்த மறுநாள் செத்துப் போகலாம். அதற்கு மெக்கானிக் என்ன செய்வார்?

ஆகவே கோளாறுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று: பட்டறை வேலையில் ஏற்பட்ட குறை. ஒயரை மாட்டாதது, நட்டை முறுக்காதது போன்றவை. இதைப் பட்டறைதான் காசு வாங்காமல் சரி செய்ய வேண்டும்.

இரண்டு: விபத்தில் ஏற்பட்டு, அப்போது கண்ணில் படாத சேதம். இதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சர்வேயர் வந்து பார்க்கும் முன்னால் சாமானை மாற்றிவிடக் கூடாது. சேதம் என்று தெரிந்த பிறகும் காரை ஓட்டி, அதனால் சேதம் அதிகமானால், அந்தச் செலவு கார்க்காரர் தலையில்தான் விழும்.

மூன்று: வயசான தேய்மானம். இதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. கைக்காசுதான்.

எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? பட்டறைக்குச் சம்பந்தம் இல்லாத வேறு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள். அதற்காகும் சிறு செலவைப் பார்க்கக் கூடாது.

வாய்ப்பேச்சு போதாது

"நாளைக்கு வாங்க, பார்த்துக்கலாம்" என்பார்கள். நாளை என்பது மாதங்களாக நீளும்.

ஆகவே எழுதிக் கொடுங்கள். கார் எண், ரிப்பேருக்கு விட்ட தேதி, எடுத்த தேதி, கோளாறு தெரிந்த தேதி, என்ன கோளாறு என்று எழுதினால் போதும். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். நகல் வைத்துக் கொள்ளுங்கள். எரியும் விளக்கையும் தேய்ந்த டயரையும் போட்டோ எடுங்கள். பில், சர்வேயர் அறிக்கை, பாலிசி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

சட்டம் துணை நிற்கும்

அப்படியும் பட்டறை அசையவில்லையா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1986-ம் ஆண்டில் வந்த சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்தது. காசு வாங்கிக்கொண்டு வேலையைக் குறையாகச் செய்தால், அது "சேவைக் குறைபாடு" ஆகும்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து முதலில் யோசனை கேட்கலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். கோவையிலும் அந்த ஆணையம் உண்டு. கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் தாமே வாதாடலாம். ஆனால் 2 வருஷத்துக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும்.

தகராறு இன்சூரன்ஸ் கம்பெனியுடன் என்றால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிட்டால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

"எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? கோர்ட்டில் என்ன பேசுவேன்?" என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியது இல்லை.

டெல்லியில் ஒருவர் 2015-ம் ஆண்டில் ஹூண்டாய் கிரெட்டா கார் வாங்கினார். 2017 நவம்பரில் விபத்து நடந்தது. ஏர்பேக் விரியவில்லை. அவர் காயம் அடைந்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2022 ஏப்ரல் 20-ந் தேதி, கம்பெனியின் அப்பீல் தள்ளுபடி ஆனது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட, கார் வாங்கியவர் பௌதிக நிபுணராக இருக்க வேண்டியது இல்லை என்று கோர்ட்டு கூறியது.

அது ரிப்பேர் பற்றிய வழக்கு அல்ல. ஆனாலும் அந்தச் சொல் எல்லோருக்கும் தைரியம் தரும். கார்க்காரர் மெக்கானிக்காக இருக்க வேண்டாம். கண்டதைச் சரியாகச் சொன்னால் போதும்.

பட்டறைகளும் ஒன்றை நினைக்க வேண்டும். "பாருங்க, ஓட்டுங்க, பிறகு கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லும் பட்டறைக்கு மறுபடியும் ஆள் வரும். ஒரு நட்டை முறுக்க மறந்தால் கெடுவது பட்டறையின் பெயர் மட்டும் அல்ல. ஒரு குடும்பமே சாலையில் விழும்.

பெயிண்ட் வெளியே இருக்கிறது. உயிர் உள்ளே இருக்கிறது. உள்ளே பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்!