மலைப் பிள்ளைகளிடம் மழைக் கணக்கைக் கொடுங்கள்!

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர். அங்கே 2.3 மீட்டர் அகலக் கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 1986-ம் ஆண்டு அப்போதைய பிரதமர் ராஜீவ்காந்தி வந்து விழா நடத்தினார். விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரும் வைக்கப்பட்டது.

எட்டாத தூரத்து நட்சத்திரத்தை அந்த மலையில் உட்கார்ந்து அளக்கிறார்கள். சரி, அதே மலையில் பள்ளிக்கூட வாசலில் கொட்டுகிற மழையை அளப்பது யார்?

பருவநிலை மாற்றம் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

5 குழந்தைகள்

ஏன் இந்த அவசரம்?

2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி. பெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடின. 7 பேர் பலி. அதில் 5 பேர் குழந்தைகள்! அதே மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் கொட்டியது. ஜவ்வாது மலைக்கு இந்த இரண்டு ஊர்களுமே தூரம் அல்ல.

ஒரு புயலை மட்டும் காட்டி, "பருவநிலை மாற்றம்தான் காரணம்" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கணக்கு உண்டு. காற்றில் 1 டிகிரி சூடு ஏறினால், அது சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை இறக்கும்போது மொத்தமாக இறக்கும். பத்து நாள் பெய்ய வேண்டிய மழை இரண்டு நாளில் கொட்டித் தீர்ந்தால், மலைச்சரிவு தாங்குமா?

நமக்கு என்ன?

"மலையில மழை பெய்தா நமக்கென்ன சார்?" என்று பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்கலாம்.

செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். கமண்டல நாகநதி பிறப்பதும் அங்கேதான். செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேருகிறது. பாலாற்று மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரை நம்பித்தான் காஞ்சீபுரம், செங்கல்பட்டு பக்கம் குடங்கள் நிரம்புகின்றன. மலைக்காடு மழையைப் பிடித்து வைத்தால் ஆற்றுக்கு ஊற்று. பிடிக்காவிட்டால் ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வெறும் மணல்.

பாடம் உண்டு, வேலை?

சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று 1991-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2003-ம் ஆண்டில் மீண்டும் உத்தரவு போட்டது. பள்ளிகளில் தேசிய பசுமைப்படையும் இருக்கிறது. ஜவ்வாது மலையில் வனத்துறையே பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. காட்டைக் காக்கிறவர்களே பாடமும் நடத்துகிறார்கள். வேறு எந்த ஊருக்கு இந்த வசதி?

ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? ஜூன் 5-ந்தேதி ஊர்வலம், உறுதிமொழி, ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ. அதோடு சரி. ஏப்ரல், மே வெயிலில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு ஆச்சே!

இஸ்திரி வண்டி

வேறு வழி உண்டு என்று காட்டியவர் அப்போது பள்ளி மாணவியாக இருந்த, இதே திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர். தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் கரி போடுவதைப் பார்த்தார். கரிக்குப் பதில் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டில், தலைவர்கள் முன்னால் பேசினார்.

அவர் தொடங்கியது மேடையில் அல்ல, தெருமுனையில். கண் முன்னால் இருப்பதைக் கவனித்தார், கணக்குப் போட்டார். மலைப் பிள்ளைகளுக்கும் அதுதான் பாடம்.

எட்டரை மணி

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு மலைப்பள்ளியிலும் ஒரு மழைமானி வையுங்கள். விலை கொடுத்து வாங்க முடியாவிட்டால், நேரான பக்கமுள்ள டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். வானிலைத்துறை மழையை அளப்பது காலை எட்டரை மணிக்கு. பிள்ளைகளும் அதே நேரத்தில் அளந்து கரும்பலகையில் எழுதட்டும்.

1 மில்லி மீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் பள்ளிக் கூரையில் 10 மில்லி மீட்டர் பெய்தால் 1,000 லிட்டர்! கணக்கும் வந்தது, தொட்டிக்குத் தண்ணீரும் வந்தது.

பத்து வருடம் எழுதினால், மழை மாறியிருக்கிறதா இல்லையா என்று அந்த நோட்டுப்புத்தகமே சொல்லும். அளவு ஏறிக்கொண்டே போகிற நாளில், "சரிவில் இருக்கிறவங்க கீழே வாங்க" என்று ஊருக்குச் சொல்லவும் அந்தப் பலகை உதவும்.

கன்றைப் பள்ளி வாசலில் மட்டும் நடாமல், பிள்ளையின் வீட்டு ஓரத்தில் நடச்சொல்லுங்கள். லீவிலும் தண்ணீர் ஊற்றுவான். புங்கன், நெல்லி, கடுக்காய் என்று மண்ணுக்கு ஏற்ற மரமாக இருக்கட்டும். அதிகத் தண்ணீர் கேட்காத சாமை, மலையின் சொந்தப் பயிர். அதையும் பாடத்தில் சேருங்கள்.

சுமை யார் தலையில்?

கடைசியாக ஒன்று. மலைப்பையன் வீட்டில் ஏ.சி. இல்லை, கார் இல்லை. புகை விட்டது பெரும்பாலும் கீழே இருக்கிற நாம். சரிவு வந்தால் பயப்படுவது அவன். "பூமியைக் காப்பாத்து தம்பி" என்று அவன் தலையில் மட்டும் கட்டிவிடுவது நியாயமா?

மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டு வரவேண்டும். கடை மூடிய பிறகும் எரிகிற விளக்கை அணைக்க வேண்டும். ஆபீசில் ஆள் இல்லாமல் சுற்றுகிற பேனை நிறுத்த வேண்டும்.

அவன் காலை எட்டரைக்கு மழையை எழுதட்டும். நாம் இரவு கடை சாத்தும்போது மீட்டரைப் பார்ப்போம்.