வருகையை அல்ல, வந்தவரை எண்ணுங்கள்

நம் வியாபாரிகளில் பலர் இன்று கடையோடு இணையத்தளமும் நடத்துகின்றனர். விளம்பரப் பொறுப்பாளர் மாத முடிவில் "ஒரு இலட்சம் வருகை" என்று கணக்குக் காட்டிப் பணம் கேட்கிறார். ஆனால் ஒரு இலட்சம் வருகை என்பது ஒரு இலட்சம் பேர் அல்ல. ஒரே ஆள் பத்துத் தடவை வந்து விலை கேட்டுப் போனால், அவரைப் பத்து வாடிக்கையாளராக எந்த முதலாளியும் எண்ணுவதில்லையே!

ஆட்களைத் தனித்தனியே எண்ணுவது பெரிய செலவு என்று சிலர் சாட்டுச் சொல்கின்றனர். இதனை நான் ஏற்கமாட்டேன். தகவல்களைக் கணனியின் நினைவகத்திலேயே வைத்து வேகமாக இயங்கும் ரெடிஸ் என்ற மென்பொருள் 2009இல் வெளிவந்தது. அதில் இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு.

ஒன்று, ஒவ்வொருவரின் அடையாள இலக்கத்தையும் பட்டியலில் சேர்ப்பது. அதே இலக்கம் மீண்டும் வந்தால் பட்டியல் கூடாது. கணக்கு அச்சொட்டாக இருக்கும். ஆனால் ஆட்கள் பெருக நினைவகமும் பெருகும்.

மற்றது, 2014இல் சேர்க்கப்பட்ட ஹைப்பர்லொக்லொக். நாணயம் சுண்டியவர் "தொடர்ந்து பத்துத் தடவை தலை விழுந்தது" என்றால், அவர் நெடுநேரம் சுண்டியிருப்பார் என்று ஊகிக்கிறோம் அல்லவா? அதைப் போன்ற கணிப்பே இது. இலட்சம் பேரானாலும் கோடிப் பேரானாலும் ஒரு கணக்குக்கு 12 கிலோபைட் இடமே போதும். வழு பொதுவாக 0.81 வீதம், அதாவது இலட்சத்துக்கு ஏறத்தாழ 800 பேர் கூடலாம், குறையலாம். ஏழு நாள் கணக்குகளை இதில் ஒன்றிணைத்தால், திங்களும் வெள்ளியும் வந்தவர் ஒருவராகவே எண்ணப்படுவார். நாளாந்தத் தொகைகளை வெறுமனே கூட்டினால் அவர் இருவராகிவிடுவார்.

விளம்பரத்தின் பலனை அறிய இந்த மதிப்பீடு தாராளமாகப் போதும். ஆனால் தலைக்கு இவ்வளவு ரூபா என்று பணம் கொடுப்பதாயின் முதலாவது வழியே பொருத்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த மென்பொருளும் தனக்குக் கொடுக்கப்பட்ட அடையாளத்தையே எண்ணுகிறது. ஒருவர் கையடக்கத் தொலைபேசியிலும் காரியாலயக் கணனியிலும் வந்தால் இருவராகப் பதிவாகலாம். தொலைபேசி இலக்கத்துடன் பதிவு செய்தவர்களை எண்ணினால் இக்குழப்பம் பெருமளவு குறையும்.

எனவே, அடுத்த பட்டியல் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது வருகையா, ஆட்களா? எதை வைத்து ஆளை அடையாளங்கண்டீர்கள்? மாதக் கணக்கு ஒன்றிணைத்ததா, கூட்டியதா? பதில் கிடைத்த பின்னர் காசோலை எழுதுவதே புத்திசாலித்தனம்.