ஒத்துப்போகாதவரோடு ஒருங்கே பணியாற்றுதல்

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பில் ஒருபுறம் வாடகையும் வரியும் செலுத்தும் புடவைக் கடைகள். அவற்றின் வாசலை ஒட்டியே, அதே வகைத் துணிகளை விற்கும் நடைபாதைக் கடைகள். துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களிலும், வங்கப் புத்தாண்டை ஒட்டிய சைத்ரத் தள்ளுபடி விற்பனையின்போதும் இரு தரப்பாரும் நாடுவது ஒரே வாடிக்கையாளரைத்தான். வாசல் மறைக்கப்படுகிறதென்று ஒருவருக்குக் குறை; பிழைப்பு பறிபோகுமோ என்று மற்றவருக்கு அச்சம். ஆயினும் நாள்தோறும் அருகருகே தொழில் நடத்தியாக வேண்டும். ஒத்துப்போகாத சக ஊழியரோடு பணியாற்ற நேரும் நம்மில் பலருடைய நிலையும் ஏறத்தாழ இதுவே.

இத்தகைய பூசலில் முதலில் எழும் எண்ணம், எதிர்த்தரப்பை அகற்றிவிட வேண்டும் என்பதாகும். கொல்கத்தா அதனையும் செய்து பார்த்தது. 1996 நவம்பரில் ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்ற பெயரில் கரியாஹாட் உள்ளிட்ட பகுதிகளின் நடைபாதைக் கடைகள் இரவோடிரவாக அகற்றப்பட்டன. சில ஆண்டுகளிலேயே கடைகள் திரும்பிவிட்டன. விற்பவரின் தேவையும் வாங்குவோரின் விருப்பமும் மாறாதிருக்க, ஆட்களை மட்டும் அகற்றியதால் பயன் விளையவில்லை. அலுவலகத்திலும் அவ்வாறே. யார் எந்தப் பணிக்குப் பொறுப்பு என்பது தெளிவாக இல்லாத பிரிவில், சச்சரவு செய்பவரை இடம் மாற்றினாலும் அந்த நாற்காலிக்கு வருபவரோடு அதே சச்சரவு தொடரும்.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் வேறு வழியை வகுத்தது. நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெருவோர வியாபாரிகளாக இருத்தல் வேண்டும். உள்ளாட்சி, காவல்துறை, வணிகர் சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்கள் ஆகியவற்றோடு வங்கிகளின் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. நடைபாதையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடை விரிக்கலாகாது என்ற வரையறையும் கொல்கத்தாவில் உண்டு. இவற்றால் பிணக்குகள் தீர்ந்துவிட்டன என்று நாம் கூறவில்லை. வரையறை மீறப்படுவதும் உண்டு. ஆனால், மீறல் எது என்பதை அளந்து காட்ட முடிகிறது. “நீர் எப்போதும் இப்படித்தான்” என்று ஒருவரின் இயல்பைப் பழிப்பதற்கும், “இந்த எல்லையை இரண்டு அடி தாண்டியிருக்கிறீர்கள்” என்று செயலைச் சுட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னதற்குச் சினமே மறுமொழியாக வரும். பின்னதைத் திருத்திக்கொள்ள வழியுண்டு.

ஆகவே, கடிந்து பேசும் சக ஊழியரிடம் பலர் முன்னிலையில் வாதிடாமல் தனியே பேசுவோம். நடந்த செயலையும் அதனால் பணிக்கு நேர்ந்த இடையூறையும் மட்டும் எடுத்துரைப்போம். அவர் தரப்பை இடைமறிக்காமல் கேட்போம். கடுமைக்குப் பின்னால் பணிச்சுமையோ, புறக்கணிக்கப்பட்டோம் என்ற மனத்தாங்கலோ இருக்கக்கூடும். உடன்பாடு எட்டியதும், யார் எதனை எந்த நாளுக்குள் முடிப்பது என்பதை எழுத்தில் வைப்போம். சினத்தோடு எழுதிய மின்னஞ்சலை மறுநாள் படித்துப் பார்த்த பின்னரே அனுப்புவோம்.

இன்சொல்லுக்கும் எல்லை உண்டு. இழிவுபடுத்தலையும் அச்சுறுத்தலையும் பொறுத்துக்கொள்வது பண்பு ஆகாது. அவற்றை நாளும் நேரமும் குறித்து மேலதிகாரியிடம் முறையிட வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள இடங்களில் உள்ளகக் குழு அமைப்பது கட்டாயம். சம்பவம் நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் அங்கே புகார் அளிக்கலாம். அத்தகைய நிலையில் பாதிக்கப்பட்டவரிடம் “அனுசரித்துப் போங்கள்” என்று அறிவுரை கூறுவது அநீதிக்குத் துணைபோவதாகும்.

2019 ஜனவரியில் கரியாஹாட் சந்திப்பின் வணிகக் கட்டடம் ஒன்று தீப்பற்றியபோது, கட்டடத்துக் கடைகளோடு நடைபாதைக் கடைகளும் எரிந்தன. போட்டியாளர் இருவரின் இழப்பும் ஒன்றாகவே நேர்ந்தது. நம் அலுவலகங்களிலும், இருவர் பேசிக்கொள்ளாததால் தேங்கும் கோப்பின் சுமை இறுதியில் முகப்பில் காத்திருக்கும் வாடிக்கையாளர் மீதே விழுகிறது. சக ஊழியரை நாம் விரும்ப வேண்டியதில்லை. அவருக்கு உரிய மதிப்பை அளித்துப் பணியை முடிக்கும் கடமை மட்டும் நமக்கு உண்டு.