அப்பா சொல்லிக் கொடுத்தால் மதிப்பெண் குறையுமா?

பள்ளி மாணவர்களுக்கான படைப்பாக்கப் போட்டிகளில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும்: பெரியவர்கள் உதவக் கூடாது. 1978இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் 'ஒடிசி ஆஃப் தி மைண்ட்' போட்டியில், வெளியாள் உதவி தெரியவந்தால் மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். நம்மூர்ப் போட்டிகளின் மதிப்பெண் தாளிலும் 'சொந்த முயற்சி' என்று ஒரு கட்டத்தைப் பார்க்கலாம். நல்ல விதிதான். அப்பாவின் அலுவலக இஞ்சினியர் செய்து கொடுத்த மாடலோடு இன்னொரு பிள்ளை மோதக் கூடாது என்பதற்கான விதி. ஆனால் எந்த உதவி நடுவரின் கண்ணில் படுகிறது, எது படுவதில்லை?

போன மாதம் ஒரு தனியார் கல்லூரியில் நடந்த மாவட்ட அளவிலான போட்டிக்கு எங்கள் இரவுப் பாடசாலைப் பிள்ளைகள் ஐந்து பேர் போனார்கள். அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு. உங்கள் பகுதியின் ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்வு சொல்ல வேண்டும். மழை பெய்தால் எங்கள் காலனியில் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும். யாரைக் கேட்டாலும் "காலனி பள்ளத்துல இருக்கு, என்ன பண்றது" என்பார்கள். பஞ்சாயத்தில் கேட்டாலும் அதே பதில்தான்.

பிள்ளைகள் அளந்து பார்த்தார்கள். அளந்தது லெவல் டியூபை வைத்து. கொத்தனார்கள் வீட்டுக்கு மட்டம் பார்க்கிற அதே நீளமான கண்ணாடி டியூப்தான். தண்ணீரை நிரப்பி, குமிழி இல்லாமல் பார்த்து, இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை எவ்வளவு கீழே என்று டேப்பில் அளந்தால் போதும். அணியில் ஒரு பெண்ணின் அப்பா கொத்தனார். டியூபைக் கொடுத்ததும் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை காலனித் தெரு, ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஓடை என்று அளந்து மூன்று தாள் கணக்கு எழுதினார்கள்.

காலனி பள்ளத்தில் இல்லை. ஓடை காலனியைவிட இரண்டடி கீழேதான் இருக்கிறது. தண்ணீர் தானாகவே போயாக வேண்டும். போகாததற்குக் காரணம், பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் ரோடு காலனியைவிட ஒன்றரை அடி உயர்ந்து கரைபோல நிற்கிறது. அடியில் இருந்த குழாய்ப்பாலமும் மூடிப்போய்விட்டது. அதைத் திறந்தால் போதும். பெரியவர்கள் விதி என்று விட்டதைப் பதிமூன்று வயதுப் பிள்ளைகள் அங்குலக் கணக்கில் மறுத்திருக்கிறார்கள்.

நடுவர்களில் ஒருவர் டியூபைக் கையில்கூட எடுக்கவில்லை. "இது கொத்தனார் செய்யற வேலைதானே, இதுல புதுமை என்ன?" என்றார். அடுத்து, "யார் சொல்லிக் கொடுத்தா?" அந்தப் பெண் மறைக்கவில்லை. "எங்கப்பா சார்" என்றாள். 'சொந்த முயற்சி' கட்டத்தில் பத்துக்கு மூன்று விழுந்தது.

பக்கத்து மேசையில் மண் காய்ந்தால் தானே மோட்டார் ஓடும் சென்சார் கருவி. அந்தப் பிள்ளைகளும் உழைத்திருப்பார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கருவி கடையில் கிட்டாக வாங்கியது. மாதக் கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் எங்களோடு அதே வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தார். 'யார் சொல்லிக் கொடுத்தா' என்று அந்த அணியை யாரும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கினால் அது பயிற்சி. சிமெண்ட் படிந்த கை சொல்லிக்கொடுத்தால் அது உதவி, கழிக்க வேண்டியது.

பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அந்த அண்ணன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். பேச்சு கேட்காது. மகள் டியூபை உயர்த்திப் பிடிக்கும்போது அவர் கையும் கூடவே உயர்ந்ததைப் பார்த்தேன். முடிவு வந்த பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நான் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதோ?"

இருபது வருடத் தொழிலறிவு மகளுக்குக் கெடுதல் செய்துவிட்டதோ என்று ஒரு தகப்பனை நினைக்க வைப்பதைச் சின்ன விஷயம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எட்டாம் வகுப்பு அறிவியலில் திரவ அழுத்தம் பாடம் இருக்கிறது. அதே உண்மை புத்தகத்தில் இருந்தால் அறிவியல், கொத்தனார் கையில் இருந்தால் கூலிவேலை. இந்தப் பிரிவினைக்கு வரலாறு உண்டு. அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூல் சென்னை ஐஐடியை ஆராய்கிறது. காலனிய காலத்தில் பொறியியல் எப்படிக் கைத்தொழிலிலிருந்து பிரிந்து ஆதிக்கசாதிப் படிப்பாக மாறியது என்பதையும் அது விவரிக்கிறது. கருவியைக் காலம் காலமாகக் கையில் வைத்திருந்தவர்கள் தொழிலாளி ஆனார்கள், தொடாதவர்கள் இஞ்சினியர் ஆனார்கள். மதிப்பெண் தாளில் 'புதுமை' என்ற கட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2004இல் கலிபோர்னியாவில் நடந்த நீர்மூழ்கி ரோபோ போட்டியில் அரிசோனாவின் கார்ல் ஹேடன் பள்ளியைச் சேர்ந்த நான்கு மாணவர்கள் எம்ஐடி அணியைத் தோற்கடித்தார்கள். நால்வரும் ஆவணமில்லாமல் மெக்சிகோவிலிருந்து வந்த பிள்ளைகள். அவர்கள் ரோபோ பிவிசி குழாயில் செய்தது. உள்ளே நீர் கசிந்தபோது மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பான் பஞ்சை வைத்துச் சமாளித்தார்கள். அந்த நடுவர்கள் மலிவான பொருளைக் கேவலமாகப் பார்க்கவில்லை. ஆனால் வென்றதும் எல்லாம் மாறிவிடவில்லை. அவர்களில் ஒருவரான ஆஸ்கார் வாஸ்கெஸ் பொறியியல் பட்டம் வாங்கிய பிறகும் 2009இல் மெக்சிகோவுக்குத் திரும்பி விசாவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

'இந்தப் போட்டிகளே கார்ப்பரேட் விளையாட்டு, விட்டுவிடலாம்' என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாம் விலகினால் அந்த மேசையில் சென்சார் மட்டும்தான் இருக்கும். கல்லூரியில் படிக்கும் தோழர்கள் நடுவராகப் போங்கள், பல போட்டிகளுக்கு ஆள் கிடைக்காமல் தேடுகிறார்கள். மதிப்பெண் தாளை முன்கூட்டியே கேளுங்கள். 'யார் சொல்லிக் கொடுத்தார்' என்று கேட்டால் எல்லா அணியையும் கேட்கச் சொல்லுங்கள், கட்டணப் பயிற்சியையும் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது. தனியார் பள்ளிகளும் வாங்கின. தனி இடம், கணினி வசதி போன்ற தகுதிகளைக் காட்ட வேண்டியிருந்தது, அதாவது ஏற்கெனவே வசதி உள்ள பள்ளிக்குத்தான் அது எளிதாக இருந்தது. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எத்தனை லேப், அதில் நலப் பள்ளிகளில் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதுங்கள். பதில் வந்தவர்கள் எனக்கும் அனுப்புங்கள், மாவட்ட வாரியாகச் சேர்த்துப் பார்ப்போம்.

பிள்ளைகள் எழுதிய மூன்று தாளையும் மனுவோடு இணைத்து அக்டோபர் 2 கிராமசபையில் கொடுக்கப் போகிறோம். கணக்கைச் சந்தேகப்பட்டால் அங்கேயே அளந்து காட்ட டியூபும் வரும், அந்த அண்ணனும் வருகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.